யாக்-52, சிஜே-6 போன்ற பழைய விமானங்களின் காற்றுக் கொம்பிரசர்: நம்ம ஊர் ஈரத்தில் எப்படிப் பராமரிப்பது?

கல்லடிக்கரை (கல்லடி, மட்டக்களப்பு)

எல்லாருக்கும் வணக்கம். டைவிங் சிலிண்டர் நிரப்பும் கொம்பிரசர்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இரண்டாம் உலகப் போரில் இந்தக் கரைக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மிஸ் போர்க்கப்பலைப் பார்க்கக் கடலுக்குப் போகிறவர்களுக்கு 200 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வரை காற்று அடைத்துக் கொடுக்கிறோம். காற்று, ஒயில், ஈரம் இந்த மூன்றோடும்தான் என் பொழுது போகிறது.

அந்தக் கப்பல் மூழ்கிய 1942 ஏப்ரல் 9ஆம் திகதியைப் பற்றி வாசித்துக்கொண்டு போனபோது, அன்று திருகோணமலைச் சீனக்குடாவிலிருந்து எழும்பிய ஹரிகேன் போர் விமானங்களில் எஞ்சினோடு சேர்ந்து ஓடும் ஒரு சின்னக் கொம்பிரசர் இருந்தது என்று தெரிந்துகொண்டேன். சக்கரத்தை உள்ளே இழுப்பது ஹைட்ரோலிக், பிரேக்கும் துப்பாக்கியும் காற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மைத்துனன் வெளிநாட்டில் விமானப் பராமரிப்புப் பயிற்சியில் இருக்கிறான். அவன் கைக்கு வந்திருப்பது ஒரு யாக்-52, சோவியத் காலத்துப் பயிற்சி விமானம். அதில் சக்கரம், ஃபிளாப் (இறக்கையின் பின்பக்க மடல்), பிரேக் எல்லாமே காற்று. எஞ்சினைச் சுழற்றி ஸ்டார்ட் பண்ணுவதும் காற்றுதான். “அண்ணே, நீங்கள் கொம்பிரசர்காரர்தானே, எதைக் கவனிக்க வேணும்?” என்று கேட்கிறான். 200 பார் கொம்பிரசர் பற்றி என்னால் விடியும்வரை சொல்ல முடியும். ஆனால் எஞ்சினில் பூட்டின கொம்பிரசரை நான் தொட்டதில்லை. இந்த வகை விமானங்களில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, அந்த விமானத்தின் காற்றுப் போத்தலை டைவிங் சிலிண்டரிலிருந்து நிரப்பலாமா?

காரைதீவார் (காரைதீவு, அம்பாறை)

தம்பி, நல்ல கேள்வி. பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

யாக்-52இல் எம்-14பி எஞ்சின். நட்சத்திர வடிவில் 9 சிலிண்டர், 360 குதிரைவலு. அதன் கொம்பிரசர் ஏகே-50 வகை, இரண்டு கட்டமாக அமுக்குவது. எஞ்சின் ஒயிலே அதற்கும் ஒயில். வேலை அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ, உங்கள் கணக்கில் ஏறக்குறைய 50 பார். காற்று இரண்டு போத்தல்களுக்குப் போகிறது: பெரியது அன்றாட வேலைக்கு, சின்னது அவசரத்துக்கு. பெரிய போத்தல் காலியானாலும் சின்னதை வைத்துச் சக்கரத்தைக் கீழே இறக்கலாம். சீனத் தயாரிப்பான சிஜே-6 இதே பரம்பரை. அதன் ஏற்றுமதிப் பெயர் பிடி-6. நம் நாட்டு விமானப்படை சீனக்குடாவில் பயிற்சிக்கு வைத்திருப்பது அதைத்தான். ஆகவே இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. இன்னும் பின்னால் போனால் டி ஹாவிலண்ட் டவ் இருக்கிறது. அதிலும் சக்கரம், ஃபிளாப், பிரேக் காற்றில்தான். றோயல் சிலோன் ஏர்ஃபோர்ஸ் காலத்தில் அது இங்கே பறந்தது. இரத்மலானை அருங்காட்சியகத்துக்குப் போனால் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

இனி பராமரிப்பு. புதிதாக வருகிற பெடியன்கள் முதலில் கொம்பிரசரைக் கழற்றத்தான் பார்ப்பார்கள். “பிரஷர் ஏறவில்லை, கொம்பிரசர் போயிட்டுது” என்பார்கள். நான் பார்த்த அளவில் கொம்பிரசர் கடைசிச் சந்தேகமாக இருக்க வேண்டியது. அதைக் கெடுப்பதும் அதற்குப் பிறகு உள்ள எல்லாவற்றையும் கெடுப்பதும் இரண்டே சங்கதி: வடிக்காமல் விட்ட தண்ணீர், தேடாமல் விட்ட கசிவு.

கொம்பிரசருக்கும் போத்தலுக்கும் இடையில் ஒயிலையும் தண்ணீரையும் பிரிக்கும் ஒரு கிண்ணம் இருக்கிறது. நிரம்பியபின் மிஞ்சும் காற்றை வெளியே விடும் வால்வும் அங்கேதான். பறந்து வந்து எஞ்சின் சூடு ஆறுவதற்குள் அந்தக் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால், ஒயிலும் தண்ணீரும் கலந்து வெள்ளைச் சளிபோல இறுகி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அந்தச் சளி வால்வை அடைத்தால் அழுத்தம் கட்டுப்பாட்டில் நிற்காது. போத்தலின் அடியில் வடி திருகு இருந்தால் அதையும் திறக்க வேண்டும்.

வடியும்போது ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். பால்போல் வந்தால் ஈரம் கலந்த ஒயில், வழமையானது. ஒயில் மட்டும் நாளுக்கு நாள் கூடினால் பிஸ்டன் ரிங் தேய்கிறது. கறுப்புத் துகள் வந்தால் வெளியேற்று வால்வில் கரி படிந்திருக்கிறது. துரு நிறம் வந்தால் போத்தலுக்குள்ளே அரிப்புத் தொடங்கிவிட்டது. அதற்கு மேல் அந்தப் போத்தலை நம்பிப் பறக்கக் கூடாது, கழற்றிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பறப்புக்கும் பிறகு அந்தத் துணியைப் பார்க்கிறவனுக்குக் கொம்பிரசர் எதையும் ஒளிக்காது.

வந்தாறுமூலை மாணவி (மட்டக்களப்பு)

ஐயா எழுதியதை வாசித்துவிட்டு எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டேன். நான் பௌதிகம் படிக்கிறேன், இதில் எனக்கு உண்மையான ஆர்வம்.

30 பாகை சூட்டில் ஒரு கன மீட்டர் இடத்தில் ஆகக் கூடினால் 30 கிராம் நீராவிதான் நிற்கும். நம்ம கரையோரத்தில் ஈரப்பதன் 80 வீதம் என்று வைத்தால், ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம். மானி 50 பார் காட்டும் அளவுக்கு (வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்தால் 51) அமுக்கும்போது 51 கன மீட்டர் காற்று 1 கன மீட்டருக்குள் அடங்குகிறது. அதோடு வந்த ஈரம் 1,224 கிராம். ஆனால் ஆறிய பிறகும் அந்த 1 கன மீட்டருக்குள் நீராவியாக நிற்கக் கூடியது அதே 30 கிராம்தான். மிச்சம் 97 வீதத்துக்கு மேல் தண்ணீராக விழும்.

யாக்-52இன் பெரிய போத்தல் 11 லீற்றர் என்று பார்த்தேன். அதை ஒரு முறை வெறுமையிலிருந்து நிரப்பினால் ஏறக்குறைய 13 கிராம் தண்ணீர். ஒரு மேசைக்கரண்டியை விடக் கொஞ்சம் குறைவு. குளிர்நாட்டில் 10 பாகையில், அதே 80 வீத ஈரப்பதனில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏழரைக் கிராம்தான் இருக்கும். அதாவது மட்டக்களப்பில் அந்தக் கிண்ணத்துக்கு மூன்று மடங்கு வேலை.

ஏன் இரண்டு கட்டமாக அமுக்குகிறார்கள் என்பதும் இதில் தெரிகிறது. ஒரே அமுக்கில் 51 மடங்கு என்றால், வெப்பம் வெளியே போகாது என்று கொண்ட கணக்கில் காற்று 650 பாகையைத் தாண்டும். ஒயில் தானாகப் பற்றிக்கொள்ளும் சூடு அது. இரண்டு கட்டமாகப் பிரித்து இடையில் ஆறவிட்டால் ஒவ்வொரு கட்டமும் 260 பாகைக்குள் நிற்கும். சிலிண்டர் சுவரால் வெப்பம் வெளியே போவதால் நிஜத்தில் இதை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

காரைதீவார்

மகள், கணக்கு அருமை. இந்தச் சூட்டுக் கணக்கைத்தான் நான் பெடியன்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி விளங்கப்படுத்தப் பார்த்தது. கொம்பிரசரின் சூடு ஆற்றும் செட்டைகளில் ஒயிலும் தூசியும் அப்பிக் கிடந்தால் அந்த ஆறுதல் நடக்காது. சூடு ஏறும், வால்வில் கரி பிடிக்கும். கரி பிடித்த வால்வு சரியாக மூடாது. மூடாவிட்டால் அமுக்கிய சூட்டுக் காற்றே திரும்பி வந்து மறுபடி அமுங்கும், சூடு இன்னும் ஏறும். ஆகவே செட்டையைத் துடைப்பதை அழகுக்காகச் செய்கிற வேலை என்று நினைக்கக் கூடாது.

களுவாஞ்சி கராச் (களுவாஞ்சிக்குடி)

நான் லொறி, பஸ் ஏர் பிரேக் வேலை செய்கிறவன். எங்கள் கொம்பிரசரும் எஞ்சினில்தான் ஓடுது, எஞ்சின் ஒயில்தான் குடிக்குது. அழுத்தம் மட்டும் 8 பார் அளவு. காலையில் டாங்க் வடிக்காத பஸ்ஸில் பிரேக் வால்வு போவதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

எனக்கு ஒரு யோசனை. லொறிக்குப் போடுகிற ஏர் டிரையர் ஒன்றைப் பூட்டிவிட்டால் இந்தத் தொல்லை போய்விடாதா? பொருத்துகளில் கசிவு இருந்தால் வெள்ளை டேப் ரெண்டு சுற்று. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

காரைதீவார்

தம்பி, உங்கள் கை அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் இரண்டு யோசனையையும் நான் ஏற்க மாட்டேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

லொறி டிரையரின் உடம்பு 50 பாருக்குச் செய்ததில்லை. வெடிக்கும். அது மட்டுமில்லை, அங்கீகாரம் இல்லாத ஒரு பாகத்தை விமானத்தில் பூட்டினால் அந்த விமானம் பறக்கத் தகுதி இல்லாதது. இதில் பேரம் கிடையாது.

வெள்ளை டேப் இன்னும் ஆபத்து. இந்த விமானங்களில் பைப் முனையைக் கூம்பாக விரித்து நட்டால் இறுக்குகிறார்கள். காற்றை அடைப்பது அந்தக் கூம்பு, மறை (நட்டின் திருகு வரி) இல்லை. மறையில் டேப் சுற்றினால் கசிவு நிற்காது. டேப்பின் நார் பிய்ந்து உள்ளே போய்ச் சக்கர வால்வில் சிக்கும். ஒரு சக்கரம் இறங்கி மற்றது இறங்காமல் நிற்பதற்கு அந்த ஒரு நார் போதும். கூம்பு கசிந்தால் நட்டை மேலும் மேலும் முறுக்கவும் கூடாது, கூம்பு வெடிக்கும். கழற்றி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பைப்பை மாற்றுவதுதான் வேலை.

கசிவு தேடும் முறையைச் சொல்கிறேன். காக்பிட்டில் போத்தலை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரிக்கும் ஒரு பிரதான வால்வு உண்டு. முதல் நாள் இரவு அதை மூடிவிட்டுப் போங்கள். விடிய வந்து பார்க்கும்போது அழுத்தம் இறங்கியிருந்தால் போத்தல் பக்கம், அதன் திரும்பா வால்வு (காற்றை ஒரு பக்கம் மட்டும் போகவிடுவது), நிரப்பும் வாய் ஆகியவற்றில் கசிவு. இறங்கவில்லை என்றால் வால்வைத் திறந்து வைத்து மறுபடி பாருங்கள். இப்போது இறங்கினால் பிரேக், ஃபிளாப், சக்கரப் பக்கம். இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு போனால் தேடும் இடம் சீக்கிரம் சுருங்கும். கடைசியில் நுரைத் திரவத்தைப் பூசிப் பார்க்க வேண்டும். அதற்கென்று செய்த திரவத்தையே பாவியுங்கள், பார்த்தபின் கழுவித் துடையுங்கள். வீட்டுச் சோப்புத் தண்ணீர் அலுமினியத்தில் அரிப்பை விட்டுப் போகும். கசிகிற இடத்தை விரலால் தடவித் தேடவே கூடாது. 50 பார் காற்று தோலுக்குள்ளே ஏறிவிடும்.

கசிவை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்றால், போன காற்றுக்குப் பதிலாக வருகிற ஒவ்வொரு லீற்றர் காற்றும் புதிய தண்ணீரைக் கொண்டு வருகிறது. கசிகிற விமானம் ஈரமான விமானம். நிரம்பியதும் கொம்பிரசரைச் சுமை இல்லாமல் ஓடவிடும் ரெகுலேட்டர் உள்ள விமானங்களில் அந்த ஓய்வும் கிடைக்காமல் போகிறது.

வந்தாறுமூலை மாணவி

ஐயா, இரவுச் சோதனையில் ஒரு திருத்தம் சேர்க்கலாமா? தகரக் கூரைக் கொட்டகையில் பின்னேரம் 45 பாகை இருக்கும், விடியற்காலையில் 25. கசிவே இல்லாவிட்டாலும் 50 காட்டிய மானி 47க்குக் கிட்ட வந்துவிடும். வாயு ஆறினால் அழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான். ஆகவே இரண்டு முறையும் வெப்பநிலையையும் எழுதி வைத்தால் இல்லாத கசிவைத் தேடி அலையத் தேவையில்லை.

காரைதீவார்

கட்டாயம் சேர்க்க வேண்டும். குளிரூட்டிய கொட்டகையில் எழுதிய கையேட்டில் இது பெரிதாகத் தெரியாது. நம்ம ஊர் வெயிலில் தெரியும்.

ஆரையூரான் (ஆரையம்பதி, இப்போது லண்டன்)

கொஞ்சம் பிந்தி வருகிறேன். நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு யாக்-52 வைத்திருக்கிறோம். உரிமம் பெற்ற பொறியியலாளர் கையெழுத்து வைக்கிறார், ஆனால் காற்றுப் பக்கத்தை அவர் சொல்லித் தந்தபடி அன்றாடம் பார்ப்பது என் பொறுப்பு. மைத்துனருக்கு உதவும் என்று சிலதை எழுதுகிறேன்.

முதலாவது, கொம்பிரசரை விடவும் நான் பயப்படுவது ஸ்டார்ட் காற்றுக்கு. ஸ்டார்ட் பொத்தானை அமத்தினால் காற்று ஒரு பங்கீட்டுப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து எரியும் ஒழுங்கிலேயே ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிறது. நட்சத்திர எஞ்சினில் கீழ்ச் சிலிண்டர்களில் ஒயில் இறங்கித் தேங்கும். ஒயில் அமுங்காது. அதைக் கவனிக்காமல் காற்றை விட்டால் பிஸ்டன் ஒயிலில் மோதி, இணைப்புத் தண்டு வளையும். வளைந்தது அன்றைக்குத் தெரியாமலும் போகலாம். பிறகு ஒரு நாள் ஆகாயத்தில் முறியும். அதனால் மக்னீட்டோ (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் கொடுப்பது) அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் புரொபெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். இறுகி நின்றால் பலத்தைக் காட்டக் கூடாது, பின்பக்கம் சுற்றவும் கூடாது. பின்பக்கம் சுற்றினால் ஒயில் உறிஞ்சு குழாய்க்குள் போய், ஸ்டார்ட் ஆனதும் திரும்ப உள்ளே வரும். கீழ்ச் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி ஒயிலை வடிப்பதுதான் சரியான வழி.

இரண்டாவது, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஸ்டார்ட் காற்று உள்ளே வருவதற்கு ஒரு சின்னத் திரும்பா வால்வு இருக்கிறது. அது சரியாக மூடாவிட்டால் எரிந்த வாயு அந்தக் காற்றுப் பைப்புக்குள் திரும்பி வரும். எஞ்சினை நிறுத்தி மக்னீட்டோவை அணைத்த பிறகு ஒன்பது பைப்புகளையும் பாருங்கள். ஒன்றில் மட்டும் பெயின்ட் நிறம் மாறி, மற்றதை விடச் சூடாக இருந்தால் அந்த வால்வுதான். எங்கள் விமானத்தில் இதைப் பார்க்கிறவர் குறைவு. ஆனால் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

மூன்றாவது, அழுத்தம் ஏறும் நேரத்தை எழுதி வையுங்கள். ஒரே சுழற்சி வேகத்தில், மானி 30இலிருந்து 45க்கு ஏற எத்தனை நிமிடம் என்று. இதில் ஊருக்கு ஊர், விமானத்துக்கு விமானம் வித்தியாசம் வரும், அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. உங்கள் விமானத்தின் சொந்த எண் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு போனால், கசிவு இல்லை என்பதும் உறுதியானால், அப்போதுதான் கொம்பிரசரின் ரிங்கையும் வால்வையும் பற்றிக் கதைக்க வேண்டும். காரைதீவு ஐயா சொன்ன “கடைசிச் சந்தேகம்” இதுதான்.

குளிர்நாட்டில் தண்ணீர் குறைவு என்று தங்கச்சி சொன்னது சரி. ஆனால் இங்கே அந்தக் கொஞ்சத் தண்ணீரும் பனிக்கட்டியாகி வால்வை அடைக்கும்.

கல்லடிக்கரை

ஆரையூரான் அண்ணே, மிச்சம் நன்றி. பனிக்கட்டி பிரச்சினை இங்கே வராது என்று எடுக்கலாமா?

ஆரையூரான்

முழுக்க அப்படி எடுக்க வேண்டாம் தம்பி. அழுத்தம் குறையும் இடத்தில் காற்று விரிந்து குளிரும். உங்கள் டைவிங் ரெகுலேட்டரில் அது உங்களுக்கே தெரியும். ஆனால் மட்டக்களப்பில் நான் அதிகம் பயப்படுவது உப்புக்கு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கொம்பிரசர் இழுக்கிற காற்றிலேயே உப்பு இருக்கிறது. இரும்புப் போத்தலின் அடியில் உப்புத் தண்ணீர் கிடந்தால் துரு வேகமாக ஏறும்.

சம்மாந்துறை நானா (சம்மாந்துறை, அம்பாறை)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அரிசி மில்லில் கலர் சோர்ட்டர் மெசின் பார்க்கிறேன். கறுப்பு அரிசி ஒன்று விழும்போது கெமரா கண்டுபிடித்து, ஒரு சின்ன வால்வு காற்றை அடித்து அதைத் தள்ளிவிடும். காற்றில் ஒரு துளி தண்ணீர் வந்தாலும் தவிடு அதில் ஒட்டி வால்வு அடைத்துவிடும். அதனால் ஈரத்தோடு எங்களுக்கு எப்போதும் சண்டைதான். மாரி தொடங்கினால் இன்னும் மோசம்.

நாங்கள் காற்றைக் குளிரவைத்து உலர்த்தும் டிரையர் போடுகிறோம், 3 பாகை வரை குளிர்த்தித் தண்ணீரை வடித்துவிடும். விமானத்தில் பூட்ட வேண்டாம், சரி. கொட்டகையில் வைத்து, அந்த உலர்ந்த காற்றை மேலும் அமுக்கிப் போத்தலை நிரப்பினால் ஈரம் இல்லாமல் இருக்குமே?

வந்தாறுமூலை மாணவி

நானா, நீங்கள் கேட்டது மிக நல்ல கேள்வி, ஆனால் விடை கொஞ்சம் ஏமாற்றம். உங்கள் டிரையர் 8 பாரில் 3 பாகைக்குக் குளிர்த்துகிறது. அப்போது 1 கன மீட்டர் அமுங்கிய காற்றில் 6 கிராம் நீராவி மிஞ்சும். அதே காற்றை 50 பாருக்கு அமுக்கினால் ஐந்தரை மடங்குக்கு மேல் நெருங்கி, 1 கன மீட்டரில் 34 கிராம் ஆகும். 30 பாகையில் நிற்கக் கூடியது 30தான். ஆகவே அறைச் சூட்டிலேயே கொஞ்சம் தண்ணீர் விழும், மேலே போய்க் குளிர்ந்தால் இன்னும் விழும். 8 பாரில் உலர்ந்த காற்று என்பது 50 பாரில் ஈரக் காற்று.

சம்மாந்துறை நானா

மாஷா அல்லாஹ், இது எனக்குத் தெரியாமல் இருந்தது. அப்போ ஈரத்தை உறிஞ்சும் மணி போட்ட டிரையர்தான் வழி.

கல்லடிக்கரை

ஓம் நானா, அதுதான் நாங்கள் பாவிக்கிறது. டைவிங் கொம்பிரசரில் காற்று முழு அழுத்தத்துக்குப் போனபின், உறிஞ்சு மணியும் கரியும் போட்ட குழலுக்குள்ளால் கடந்து வருகிறது. மூச்சுக்குப் போகிற காற்று என்பதால் ஒயிலும் இருக்கக் கூடாது, ஈரமும் இருக்கக் கூடாது. அதனால்தான் விமானப் போத்தலுக்கு இந்தக் காற்று நல்லது என்று நினைக்கிறேன்.

கணக்கும் போட்டேன். 12 லீற்றர் சிலிண்டர் 200 பாரில் இருந்தால் 2,400. 11 லீற்றர் போத்தலை வெறுமையிலிருந்து 50க்கு நிரப்ப 550. மூன்று தரம் முழுசாக நிரப்பியபின் சிலிண்டரில் 60க்குச் சற்று மேல் மிஞ்சும். நாலாவது முறை முழுசாக ஏறாது. நிரம்பிய காற்றும் உலர்ந்தது. அப்படியென்றால் தினமும் இப்படி நிரப்பினால் கிண்ணம் வடிக்கும் வேலையே இல்லாமல் செய்துவிடலாமே?

காரைதீவார்

தம்பி, நிரப்பும் யோசனை சரி. யாக் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் வடிக்காமல் விடலாம் என்ற முடிவு தவறு. நீங்கள் உலர்ந்த காற்றைக் கொடுப்பது ஸ்டார்ட்டுக்கு. எஞ்சின் ஓடத் தொடங்கிய கணத்திலிருந்து ஏகே-50 வெளிக்காற்றை இழுத்து அமுக்கிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் ஏற்ற, இறக்க, பிரேக் பிடிக்கச் செலவாகும் ஒவ்வொரு லீற்றருக்கும் ஈடாக ஈரக் காற்று போத்தலுக்குள் வருகிறது. தரையில் உலர்ந்த காற்று கொடுப்பதால் தண்ணீர் குறையும், இல்லாமல் போகாது. வடிப்பதை ஒரு பறப்புக்கும் விடக் கூடாது.

நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை. 200 பார் சிலிண்டரை நேரே பூட்டக் கூடாது. அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர், அதற்குப் பிறகு விமானத்தின் கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிசெய்த பாதுகாப்பு வால்வு, இரண்டும் வேண்டும். ரெகுலேட்டர் உள்ளே பழுதானால் போத்தலைக் காப்பாற்றப் பாதுகாப்பு வால்வு மட்டும்தான் இருக்கும். மெல்லத் திறக்க வேண்டும். 11 லீற்றர் போத்தலில் 50 பாரில் அடங்கியிருக்கும் சக்தி, கணக்கில், ஒரு டன் பாரத்தை 15 மீட்டருக்கு மேல் தூக்கும். அதனால்தான் போத்தலைப் பரிசோதிக்கும்போது காற்றால் இல்லாமல் தண்ணீரால் நிரப்பி அழுத்தம் கொடுக்கிறார்கள். தண்ணீர் அமுங்காததால் வெடித்தாலும் தெறிக்காது. பரிசோதனைத் திகதி முடிந்த போத்தலைத் தொடவே வேண்டாம்.

இப்போது எழுதுவதை மைத்துனருக்கு அப்படியே அனுப்புங்கள். ஒட்சிசன் சிலிண்டரை ஒருபோதும் பாவிக்கக் கூடாது. நம்ம ஊரில் வெல்டிங் கடை எதிலும் ஒட்சிசன் சிலிண்டர் நிற்கும். டைவிங் சிலிண்டர் கிடைக்காத நாளில் “இதுவும் காற்றுதானே” என்று யாரோ ஒருவர் இழுத்துக்கொண்டு வருவார். இந்தப் பைப்புகள் முழுக்க ஒயில் படிந்தவை. அழுத்தமான ஒட்சிசன் ஒயிலில் பட்டால் தீப்பொறி தேவையில்லை, தானாகவே வெடிக்கும். டைவர்கள் பாவிக்கும் நைட்ரொக்ஸ் சிலிண்டரும் வேண்டாம், அதில் ஒட்சிசன் கூட்டியிருக்கிறது. நிரப்ப வருகிற சிலிண்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும்.

களுவாஞ்சி கராச்

டேப் விஷயம் விளங்கியது ஐயா. ஒரு சந்தேகம். நைட்ரஜன் போடலாமா? ரயர் கடைகளில் இப்போது அதுவும் இருக்கு. ஆனால் நைட்ரஜன் எரியாதே, அதைச் சிலிண்டருக்குள் விட்டால் எஞ்சின் எப்படிப் பற்றும்?

ஆரையூரான்

பற்றும் அண்ணே. எங்கள் ஆட்கள் நைட்ரஜன் போடுவதுண்டு. ஸ்டார்ட் காற்று சிலிண்டருக்குள் வருவது பிஸ்டன் கீழே தள்ளப்படும் அடியில். அடுத்த அடியில் அது புகைக் குழாயால் வெளியே போய்விடுகிறது. அதற்குப் பிறகு பிஸ்டன் உறிஞ்சுவது காபரேட்டரிலிருந்து வரும் பெற்றோலும் வெளிக்காற்றும். எரிவது அதுதான். சிலிண்டர் நைட்ரஜன் மிக உலர்ந்தது, எரியவும் விடாது, அந்த வகையில் நல்லது. ஆனால் ரயர் கடை மெசினில் 50 பார் வராது, தொழிற்சாலைச் சிலிண்டர்தான் வேண்டும். மூடிய அறைக்குள் கசிந்தால் மூச்சுத் திணறல் தெரியாமலே மயங்கி விழலாம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

கல்லடிக்கரை

எல்லாருக்கும் நன்றி. மைத்துனனுக்கு முழு இழையையும் அனுப்பிவிட்டேன். இன்று அவன் தொலைபேசியில் கேட்டது: பிரதான வால்வை மூடி இரவு விட்டானாம். மாலை 50, 22 பாகை. காலை 41, 15 பாகை. வெப்பநிலையை வைத்துப் பார்த்தால் ஒன்றரை அளவுதானே குறைய வேண்டும்?

வந்தாறுமூலை மாணவி

ஓம் அண்ணா, ஒன்றேகால் அளவுதான். 48, 49 இருந்திருக்க வேண்டும். மிச்சம் எட்டுக்குக் கிட்ட கசிந்திருக்கிறது.

காரைதீவார்

அப்படியானால் போத்தல் பக்கம்தான். நிரப்பும் வாயின் மூடியைக் கழற்றி முதலில் அங்கே நுரையைப் பூசச் சொல்லுங்கள். தூசி போய் அதன் சின்ன வால்வு மூடாமல் நிற்பது அடிக்கடி நடப்பது. அது சுத்தமாக இருந்தால் அடுத்தது கொம்பிரசர் பக்கத் திரும்பா வால்வு. அதைக் கழற்றும் முன் போத்தல் அழுத்தத்தை முழுசாக இறக்க வேண்டும், மானி பூச்சியம் காட்டினாலும் வடி திருகைத் திறந்து சத்தம் வரவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். பொறியியலாளர் பக்கத்தில் நிற்கும்போது செய்யட்டும். வடியும் துணியின் படத்தையும் இங்கே போடச் சொல்லுங்கள், பார்ப்போம்.